பின்னிருக்கையில் விட்டுப்போனது

ஓடைக்கல்பாளையத்து நூற்பாலை முதலாளி அவிநாசியப்பன், தம்முடைய வெள்ளைக் காரை விற்றனுப்பிய அன்று மாலை, வழக்கம்போல் முகப்பறைச் சோபாவில் உட்காரப் போனவர், உட்கார முடியாமல் நின்றார். முழங்கால் மடங்கியது, இடுப்பு இறங்கியது, ஆனால் மெத்தைக்கு ஒரு சாண் மேலே, நீருக்குள் அமுக்கிய தக்கை எழும்புவதுபோல் உடம்பு தானாக நிமிர்ந்துகொண்டது. நாற்காலியில் முயன்றார், கட்டிலின் ஓரத்தில் முயன்றார், பூஜையறைப் பலகையில் சாமி பெயரைச் சொல்லி முயன்றார். எங்கும் அந்த ஒரு சாண் அப்படியே இருந்தது. அதன் பிறகு இரண்டாண்டுக் காலம் அவர் உட்காரவில்லை.

கோயமுத்தூர் மருத்துவர்கள் மூட்டுகளைப் படம் பிடித்து, இவ்வளவு நல்ல மூட்டுகளைப் பார்த்ததில்லை என்று பாராட்டி அனுப்பினார்கள். ஊர் அதற்குமேல் ஆராயவில்லை. ஆராய்வதைவிட ஏற்பாடு செய்வதே எங்கள் ஊருக்குப் பழக்கம். தச்சர் வந்து ஆலை அலுவலக மேசையை நெஞ்சுயரத்துக்கு உயர்த்தினார். நாவிதர் ஒரு முக்காலியின் மேல் ஏறி நின்று முகம் மழித்தார். கல்யாண மண்டபத்தில் அவர் சாய்ந்து நிற்பதற்கென்று ஒரு தூணுக்குச் சந்தனம் பூசி மாலை சுற்றினார்கள். அவர் நிற்கும்போது மற்றவர்கள் உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை என்பதால், பள்ளி ஆண்டுவிழாவும் கோயில் கமிட்டியும் நின்றபடியே நடந்து, பாதி நேரத்தில் முடிந்து, அதற்காகவும் அவருக்கு நன்றி சொல்லப்பட்டது. இரவில் அவரைப் படுக்கவைக்க இரண்டு ஆட்கள் வேண்டும். வெட்டிய தென்னையைக் கயிற்றில் சாய்ப்பதுபோல் சாய்ப்பார்கள். காலைக்கடனை அவர் எவ்வாறு முடித்தார் என்பதை நாகரிகம் கருதி இங்கே எழுதாமல் விடுகிறேன்.

அந்தக் காரின் சாரதி வையாபுரி அப்போது சிறையில் இருந்தார்.

எங்கள் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. சட்டப்புத்தகத்தில் இல்லாவிட்டாலும் சட்டத்தைவிட உறுதியானது. பெரிய வீட்டு வண்டி எங்கே மோதினாலும், ஸ்டீயரிங் வளையத்தில் யாருடைய கை இருந்தாலும், எழுதப்படும் பெயர் டிரைவருடையது. ஒரு மார்கழிக் காலையில் தாராபுரம் சாலையில், முதலாளியின் மகன் நிகிலன் வேகம் பார்க்க ஆசைப்பட்டு ஓட்ட, வையாபுரி முன்னால் பக்கத்து இருக்கையிலும் முதலாளி பின்னால் இடப்புறத்திலும் இருக்க, அந்தக் கார் பால்கார குப்பண்ணனைச் சைக்கிளோடு தூக்கி எறிந்தது. குப்பண்ணன் இறந்தார். அவிநாசியப்பன் வையாபுரியின் தோளில் கை வைத்தார். "ஆறே மாசம்டா. உன்ர குடும்பம் என்ர குடும்பம்" என்றார். பதினோரு ஆண்டுச் சேவகத்தில் அந்தக் கை அந்தத் தோளைத் தொட்டது அதுவே முதல்முறை. வாய் யோசிப்பதற்குள் தோள் சம்மதித்துவிட்டது.

தண்டனை பதினெட்டு மாதம். லைசென்ஸ் ரத்து. நீதிமன்றத்தில் அவிநாசியப்பன், அன்று காலை தாம் அந்தக் காரில் உட்கார்ந்திருக்கவே இல்லை, வீட்டில் பூஜையில் இருந்ததாகச் சத்தியம் செய்தார். மூன்றாம் மாதம் வையாபுரியின் மனைவி துளசிமணி ஆலை வாசலுக்குப் போனபோது, உள்ளேயிருந்து சொல்லியனுப்பியபடி வாட்ச்மேன் சொன்னான்: "குடிச்சுப்போட்டு ஆளக் கொன்னவன் பொண்டாட்டிக்கு இங்க என்ன சோலி?" கள்ளின் வாசனைகூட அறியாத மனிதர், சிறையிலிருந்து வெளியே வந்தபோது ஊரில் குவாட்டர் வையாபுரி என்று அழைக்கப்பட்டார். மளிகைக் கடைக்காரர் அந்தப் பெயரிலேயே, எவ்விதக் கெட்ட எண்ணமும் இல்லாமல், சாமான் கட்டிக் கொடுத்தார்.

அந்தப் பெயரை அவிநாசியப்பன் தம் வாயாலேயே அழிக்க வேண்டும் என்பதைத் தவிர வையாபுரிக்கு வேறு ஆசை இல்லாமல் போயிற்று.

நான்குவழிச் சாலைக்குப் போன பூர்வீக நிலத்துக்கு அரசாங்கம் கொடுத்த பணம் கைக்கு வந்ததும், வீட்டுக் கூரையை மாற்றுவார் என்று துளசிமணி எதிர்பார்த்திருக்க, அவர் மெக்கானிக் ஜெய்லானியைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூருக்குப் போய், பழைய கார் விற்கும் ஒரு மைதானத்தின் கடைசி வரிசையில், புளியம்பழத் தோடு விழுந்து கிடந்த அந்த வெள்ளைக் காரைக் கண்டுபிடித்தார். இரண்டு பேர் அதை வாங்கி, வாரத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். பின்னால் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவர்களுடைய புகார். அதனால் விலை மலிந்திருந்தது.

ஜெய்லானி மண்ணில் மல்லாந்து அடிப்பாகத்தைப் பார்த்தார். எண்ணெய் மூடியைத் திறந்து முகர்ந்தார். "எஞ்சின் தங்கமுங்கண்ணா. ஆனா இது ஆனையக் கட்டித் தீனி போடற மாதிரி. மாசத்துக்கு ஒரு பார்ட்டு கேக்கும். யோசிச்சுக்குங்க" என்றார்.

"ஆரு ஏறுன ஆனைன்னு உனக்குத் தெரியுமல்ல பாய். ஓட்டிட்டு வா."

வீட்டு வாசலைவிடக் கார் அரையடி அகலம். சுற்றுச்சுவரை இடித்துத்தான் உள்ளே நுழைத்தார்கள். துளசிமணி முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஓட்ட லைசென்ஸ் இல்ல, ஊத்த டீசல் இல்ல. மழை பேஞ்சா நம்ம தலைமேல ஒழுகுது. இதுக்கு மட்டும் கண்ணாடிக் கூரையா?"

"ஓட்டறதுக்கு வாங்கலீங்கம்மிணி. வச்சுப் பாத்துக்கறதுக்கு வாங்குனேன்."

பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு காலையும் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினார். வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று டயர் தட்டையாகிவிடாமலிருக்க, வண்டியை அரை அடி முன்னும் அரை அடி பின்னும் தள்ளினார். எலி வயரைக் கடிக்காமலிருக்க எஞ்சின் இடுக்குகளில் புகையிலைத் துண்டுகளைச் செருகினார். கண்ணாடிக் கூரையின் ஓரத்து நீர்க்குழாய் அடைத்துக்கொண்டபோது சைக்கிள் பிரேக் கம்பியை விட்டுக் குத்தியெடுத்தார். பாலாடை நிறத்துத் தோல் இருக்கைகளை மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தார். துடைக்கும்போது மட்டும் ஏனோ அவர் யாரோடும் பேசுவதில்லை. அந்தப் பின்னிருக்கையில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை, இப்போதும் உட்காரவில்லை. வாசல் வழியாகப் பால் கொண்டுபோகும் பழனாத்தாளிடம் பால் வாங்காமல், தெருக்கோடிக் கடையில் பாக்கெட் பால் வாங்கினார். குப்பண்ணனின் மனைவியான பழனாத்தாள், புருஷனின் அதே சைக்கிளை, வளைந்த சக்கரத்தை மட்டும் மாற்றிக்கொண்டு, அதே கேன்களோடு தள்ளிக்கொண்டு போவாள். அந்த மணிச்சத்தம் கேட்டால் வையாபுரி பானெட்டுக்குள் தலையை நுழைத்துக்கொள்வார்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. வண்டியின் பின்புறம் இடப்பக்கம் நான்கு விரற்கடை தாழ்ந்தே நின்றது. அந்த ரகக் கார்களுக்கு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள்; பழசானால் காற்று இறங்கும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஜெய்லானி டெல்லியிலிருந்து பை வரவழைத்து மாற்றினார். வண்டி அப்படியே தாழ்ந்தது. சோப்பு நுரை தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. கடைசியில் முன்னால் ஏறிச் சாவியைத் திருப்பினார். தினமும் எஞ்சினை ஓடவிடும்போது அடித்தும், ஒயர் கோளாறு என்று வையாபுரி விட்டிருந்த மணி டிங், டிங் என்று விடாமல் அடித்தது; முகப்புத் திரையில் பின் இடது இருக்கையின் மேல் சின்னதாக ஒரு சிவப்பு மனிதன் எரிந்தான்.

"பை நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா. மேல ஆள் இருக்குது. பெல்ட் போடலேன்னு வண்டி சத்தம் போடுது" என்றார் ஜெய்லானி, பஞ்சர் என்று சொல்லும் அதே குரலில்.

வையாபுரி பின்கதவைத் திறந்து பார்த்தார். இருக்கையில், பழசின் தொய்வு என்று இதுவரை அவர் துடைத்துவந்த பள்ளம், பருத்த ஒரு மனிதர் அப்போதுதான் சாய்ந்து உட்கார்ந்ததுபோல், இளஞ்சூடாக இருந்தது. தொடையின் அகலமும், இடது கையை ஊன்றும் இடமும், பதினோரு ஆண்டு கதவு திறந்துவிட்டவருக்குத் தெரியாதா. அவர் இருக்கைப் பட்டியை இழுத்து, அந்த வெறுமையின் குறுக்கே கொண்டுவந்து மாட்டினார். மணி நின்றது. அதே நொடியில் ஆலை அலுவலகத்தில், பஞ்சு வியாபாரிகளிடம் பேசிக்கொண்டிருந்த அவிநாசியப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இதயத்துக்கு ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் சட்டையைக் கழற்றியபோது, இடது தோளிலிருந்து வலது இடுப்புவரை, நெசவின் வரிகூடத் தெரியும்படி, நான்கு விரல் அகலத்தில் ஒரு தடம் சிவந்திருந்தது.

மாலைக்குள் ஊர் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டது. முதலாளி காரை விற்றபோது தம்முடைய உட்காரும் தன்மையை உள்ளேயே விட்டுவிட்டார். பஸ்ஸில் குடையை விட்டு இறங்குவது இல்லையா, அதுபோல. இதில் வியக்க ஒன்றுமில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். வியப்பு வேறொன்றில் இருந்தது: அந்த வகைக் கார்களில், குளிர்தேசத்தாருக்காக, இருக்கையைச் சூடாக்கும் ஒரு பொத்தான் உண்டு. எங்கள் வெயிலில் அதை யாரும் தொட்டதில்லை. சித்திரை மாதம், கத்திரி தொடங்கிய அன்று, வையாபுரி அதைக் கண்டுபிடித்தார்.

அன்று நண்பகல் அவிநாசியப்பன் ஆலையின் நீர்த்தொட்டியில் இடுப்பளவு நின்றுகொண்டிருந்ததை ஷிப்டு முடிந்து வந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

அதன் பிறகு ஆலைப் பெண்கள் வையாபுரி வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். "அண்ணா, கக்கூஸுக்குப் போனாக்கூட மொதலாளி கடியாரம் பாக்கறாருங்க. இன்னிக்கி கொஞ்சம் மூணாம் நம்பர்ல வையுங்களே." இன்னொருத்தி, "எம் பொண்ணு சீருக்கு லீவு கேட்டனுங்க, சிரிச்சாருங்க. அந்தச் சிரிப்புக்கு எத்தன நம்பருங்கண்ணா?" என்றாள். வையாபுரி எல்லோருக்கும் ஆவன செய்தார். மார்கழியில் பின்னிருக்கைக்கு மட்டும் குளிர்காற்றைத் திருப்பிவிட்டு, அரைமணி நேரம் ஓடவிட்டுக் கதவைச் சாத்தினார். வெயில் நாட்களில் நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு நடு முற்றத்தில் நிறுத்தினார். ஒருநாள் கருவேல முள் ஒன்றைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டுத் தூர எறிந்தார். இருக்கையின் தோல் கிழிந்துவிடும் என்பது காரணம்.

துளசிமணிதான் கேட்டாள்: "இப்படி அவிச்சும் ஊறப்போட்டும் என்னத்தக் கண்டீங்க? குவாட்டருங்கற பேரு போச்சா?"

"அவரு வருவாரு. வந்துதான் ஆகோணும்."

தை பிறந்ததும் வந்தார். நிகிலனுக்கு உடுமலையில் பெண் முடிவாகி, வெள்ளிக்கிழமை பத்தரைக்கு முதலாளி வீட்டிலேயே நிச்சயத் தாம்பூலம். எங்கள் பக்கத்தில் இரு வீட்டுத் தகப்பன்மாரும் ஒரே ஜமுக்காளத்தில் எதிரெதிரே சம்மணமிட்டு உட்கார்ந்துதான் தட்டு மாற்ற வேண்டும். நின்று மாற்றிய தட்டு நிலைக்காது என்று பெண்வீட்டார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை காலை அவிநாசியப்பன், வேறு காரில் உட்கார முடியாதாகையால், சரக்கு ஆட்டோவின் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றபடி வந்து இறங்கினார்.

வையாபுரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து, துண்டால் தட்டி, முன்னால் போட்டார். "வாங்க மொதலாளி. உக்காருங்க."

"நக்கலாடா?"

"ஊட்டுக்கு வந்தவங்கள நிக்க வச்சுப் பேசுனா நல்லாருக்குமுங்களா?"

அவிநாசியப்பன் நாற்காலியைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தார். "வையாபுரி, வண்டியக் குடுத்துரு. என்ன கேட்டாலும் தர்றேன்."

"விக்கறதுக்கு இல்லீங்."

"செரி, ஒரு அஞ்சு நிமிசம் உக்காந்துட்டாவது போறேன். காலு ரெண்டும் கல்லாட்ட ஆயிருச்சுடா."

வையாபுரி, பதினோரு ஆண்டுகள் திறந்த அதே விதத்தில், ஒரு கை கதவிலும் ஒரு கை மேற்கூரை விளிம்பிலுமாகப் பின்கதவைத் திறந்துவிட்டார். அவிநாசியப்பன் ஏறினார். வாளுக்கு உறைபோல் அந்தப் பள்ளம் அவரை வாங்கிக்கொண்டது. இரண்டு ஆண்டுக் களைப்பும் தொடை வழியாக இறங்க, அவர் வாய்விட்டு அழுதார். சுவர்மேல் ஏறி நின்ற பெண்களில் சிலர் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பினார்கள். வையாபுரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நிமிடம் முடிந்ததும், "எறங்குங்க" என்றார்.

இறங்கியபோது பள்ளம் உள்ளேயே இருந்தது. அவர் மறுபடியும் நின்றார்.

"என்னதான்டா வேணும் உனக்கு?"

"அன்னிக்கி இதுல உக்காரவே இல்லைன்னு கோர்ட்டுல சத்தியம் பண்ணிப்போட்டுப் போனீங்க. நீங்க வேண்டாம்னு சொன்னது இங்கயே இருந்துக்கிச்சு. பழனாத்தா முன்னால, ஊரு முன்னால, ஆரு ஓட்டுனா, நான் குடிச்சிருந்தனான்னு சொல்லிப்போட்டு எடுத்துட்டுப் போங்க."

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு முற்றம் நிறைந்திருந்தது. பழனாத்தாள் பால் சொசைட்டிக்குப் போகும் வழியில் சைக்கிளை மதில் இடிந்த இடத்தில் சாய்த்துவிட்டு, கேனை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். நிச்சயத்துக்கான பட்டு வேட்டியிலேயே அவிநாசியப்பன் வந்தார். எல்லோருடைய கண்ணும் அவர் முகத்தில் இல்லை, காரின் பின் இடது சக்கரத்தில் இருந்தது.

"அது ஒரு விபத்து. எல்லாம் விதி" என்று தொடங்கினார். கார் அசையவில்லை.

"விதிக்கு லைசென்ஸ் இல்லீங் மொதலாளி" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அவர் வேர்வையைத் துடைத்தார். "நான் வண்டிக்குள்ளதான் இருந்தேன்." உஸ்ஸென்று ஒரு மூச்சு, சக்கரத்தின் மேல்வளைவு ஒரு விரற்கடை எழுந்தது. "எம் பையன் ஓட்டுனான்." இரண்டாவது விரல். "வையாபுரி குடிச்சிருக்கல. அவன் குடிச்சு நான் பாத்ததே இல்ல. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்." மூன்றாவது விரல் எழுந்தது. மளிகைக் கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வையாபுரி கண்ணை மூடி, நெடுநாள் கழித்து வயிறு நிறைந்தவர்போல் மூச்சை விட்டார். அவருக்கு வேண்டியது முடிந்துவிட்டது.

ஆனால் கார் இன்னும் ஒரு விரற்கடை தாழ்ந்தே நின்றது.

"சொல்லியாச்சேடா. இன்னும் என்ன?" என்றார் அவிநாசியப்பன். வையாபுரியின் கை தானாகத் தோளிலிருந்த துடைக்கும் துணியை எடுத்தது.

அப்போது பழனாத்தாள் பேசினாள். "வண்டி நின்னப்ப அவருக்கு உசுரு இருந்துதுங்களா?"

அவிநாசியப்பன் பட்டு வேட்டியின் கரையைச் சரிசெய்தார்.

"கேக்கறனல்ல. இருந்துதா?"

"இருந்துச்சு."

"என்ன சொன்னாரு?"

"தண்ணி கேட்டாரு. ஆஸ்பத்திரி... ஆஸ்பத்திரி பத்து நிமிசந்தான். பையன் ஏத்தலாம்னான்." அவர் காருக்குள் பார்த்தார். பாலாடை நிறத்தில், ஒரு சொட்டுக் கறையில்லாமல், இருக்கைகள் காலை வெயிலில் மின்னின. "சீட்டெல்லாம் ரத்தமாயிரும், ஆம்புலன்ஸ் வரட்டும்னு நான்தான் சொன்னேன்."

நீண்ட ஒரு மூச்சோடு கார் நிமிர்ந்தது. திரையில் சிவப்பு மனிதன் அணைந்தான். பள்ளம் மெல்ல மேலெழுந்து, தோல் சுருக்கமின்றிச் சமமாயிற்று. அதே கணத்தில் அவிநாசியப்பனின் முழங்கால்கள் மடங்கின. ஒரு சாண் இடைவெளி இல்லாமல், பட்டு வேட்டியோடு, அந்த முற்றத்து மண்ணில் அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் முகத்தில் ஒரு குழந்தையின் களிப்பு வந்தது. பிறகு எழப் பார்த்தார், எழ முடியவில்லை. இருபுறமும் இருவர் கைகொடுத்துத் தூக்கினார்கள். மண்ணில் முளைத்த பாறையைத் தூக்குவது போலிருந்தது.

பழனாத்தாள் அவரை விட்டுவிட்டு வையாபுரியைப் பார்த்தாள்.

"நீங்களும் அங்கதான இருந்தீங்?"

"இருந்தனுங்க."

"தண்ணி கேட்டது உங்க காதுல உழுந்துது."

"உழுந்துதுங்க. மொதலாளி வேண்டாம்னு..."

"இத்தன நாளா சீட்டத் தொடச்சீங். சூடு வச்சீங், குளுரு வச்சீங். உங்க பேருக்காக இத்தனையும் பண்ணுனீங். எம் புருசன் தண்ணி கேட்டாருன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லோணும்னு தோணலைங்களா?"

அவர் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"அவரு உக்காந்திருக்கட்டும். நீங்க நில்லுங்க" என்றாள் பழனாத்தாள், கேனைத் தூக்கிக்கொண்டே. "சொசைட்டிக்கு நேரமாச்சு. பால ஊத்திப்போட்டு வர்றேன். வந்து சொல்றேன், எந்திரிக்கறதா, போறதான்னு."

பத்தரைக்கு உடுமலைப் பெண்வீட்டார் தட்டுகளோடு அவரைத் தேடி முற்றத்துக்கே வந்து, மண்ணில் கிடந்தவரையும் கூட்டத்தையும் பார்த்துவிட்டு, தட்டுகளோடு திரும்பிப் போனார்கள். நிகிலன் தானாகவே காவல் நிலையத்துக்குப் போனான் என்று சிலரும், விமானம் ஏறினான் என்று சிலரும் சொல்கிறார்கள். பழனாத்தாள் சொசைட்டியில் பாலை ஊற்றினாள், மாட்டுக்குத் தவிடு வாங்கினாள், அந்த முற்றத்துப் பக்கம் வராமல் மேற்குத் தெரு வழியாக வீட்டுக்குப் போனாள்.

ஊர் இதற்கும் ஏற்பாடு செய்துகொண்டது. அவிநாசியப்பனைச் சுற்றி நான்கு கம்பு நட்டுத் தென்னங்கீற்று வேய்ந்தார்கள். ஆலைக் கணக்குப்பிள்ளை கையெழுத்துக்குக் காகிதங்களை மண்டியிட்டு நீட்டினார். டீக்கடைக்காரர் காலையிலும் மாலையிலும் இரண்டு டம்ளர் கொண்டுவந்தார், ஒன்று தரைக்கு, ஒன்று நின்றவர் கைக்கு. வையாபுரியை எதுவும் பிடித்துவைத்திருக்கவில்லை. கால்கள் நன்றாகவே இருந்தன, வாசலும் திறந்தே இருந்தது. ஆனாலும் அவர் நின்றார். இப்போது அவரை யாரும் குவாட்டர் என்று அழைப்பதில்லை, வையாபுரி என்றே அழைக்கிறார்கள். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. காலையில் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவது துளசிமணியின் வேலையாயிற்று. நான்கு சக்கரத்திலும் சமமாக நிற்கும் அந்தக் காரின் பின்னிருக்கையில் அவள் வற்றல் காயப்போடுகிறாள்.

தினமும் ஏழு மணிக்குத் தெருமுனையில் பால் சைக்கிளின் மணி கேட்கும். மண்ணில் இருப்பவர் இரு கையையும் ஊன்றி எழப் பார்ப்பார். நிற்பவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்வார். மணி ஒரு கணம் தயங்கி, பிறகு மேற்குத் தெருப்பக்கம் திரும்பும்.